றம்ஸியாவின் கறுத்த பல்

கிண்ணியா
ஆனி 1981

குவைத்தில் இருக்கும் அன்பு மகள் ஸுல்பிகாவுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், உன் சுகத்தையும் அவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீ அனுப்பிய கசெட் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. உன் பிள்ளை றம்ஸியாவின் பல்லைக் கழற்றியாகிவிட்டது, முதலில் அதை அறிந்துகொள். துறை கடக்கும் பாதைப் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி இரும்புப் பலகையில் வாய் அடிபட்டதும், முன்பல் சாம்பல் பூத்துப் பிறகு கறுத்துப்போனதும் உனக்குத் தெரியும். பால்பல்தானே, நோவும் வீக்கமும் இல்லாவிட்டால் தானாக விழும்வரை விடுங்கள் என்று திருகோணமலைப் பல் டொக்டர் அப்போது சொன்னார். இங்கே யார் விட்டார்கள், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பிள்ளையின் வாயைப் பிளந்து பார்த்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், ஒருத்தி கரித்தூளால் தேய்த்தால் வெளுக்கும் என்றாள், கறுத்த பல்லுக்குக் கரியாம். அதிலிருந்துதான் பிள்ளை கையால் வாயைப் பொத்தத் தொடங்கினாள். போன மாதம் பல்லைச் சுற்றி முரசில் சீழ் வைத்துவிட்டது. இனியும் வைத்திருந்தால் உள்ளே இருக்கிற பெரிய பல்லும் கெட்டுவிடும், கழற்றத்தான் வேண்டும் என்றார் டொக்டர். அவள் வாயைத் திறந்தால்தானே. உம்மா வந்தாத்தான் தொறப்பன் என்று ஒரே பிடி. மருமகன் இறக்கக்கண்டி மீன்வாடியிலிருந்து வந்து மிரட்டிப் பார்த்தார், நான் இனிப்பைக் காட்டிக் கெஞ்சினேன், துறை கடந்து போய் வந்ததுதான் மிச்சம். உன் குரலைக் கேட்டால் திறப்பாள் என்று நினைத்துத்தான் உன் தங்கச்சி நஜ்முன் நிஸா கசெட்டில் பேசி அனுப்பும்படி எழுதினாள். நீயும் வேலை செய்கிற வீட்டுக்காரிக்குத் தெரியாமல் குசினியில் இருந்து பேசியிருக்கிறாய், பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

கடைக்காரர் மஹ்ரூபிடம் கசெட் போடும் றேடியோவை இரவல் வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் போனோம். யார் பேசுகிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லவில்லை, கேட்டதும் தெரிந்துகொண்டு துள்ளுவாள் என்று நினைத்தோம். என்ட கிளி, டொக்டருக்கு வாயைக் காட்டுங்க, நோகாது என்று நீ சொல்வது அந்த அறை முழுக்கக் கேட்டது. பிள்ளை றேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நஜ்முன் நிஸாவின் பக்கம் திரும்பி, சாச்சி, இது ஆரு கதைக்கிற என்று கேட்டாள். கேட்க வாய் திறந்த நேரத்தில் டொக்டர் விரலை உள்ளே வைத்துவிட்டார், பிறகு ஊசி போட்டுக் கழற்றியாயிற்று.

இதை எழுத வேண்டாம் என்று நஜ்முன் நிஸா அழுதாள். மறைக்க எனக்கு ஏலாது மகள். பிள்ளை மேல் பிழையில்லை, நீ போகும்போது நடை பழகிக்கொண்டிருந்தவள், உம்மா என்றால் அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிய படம்தான் அவளுக்கு. நீயோ இன்னும் இரண்டு வருஷம் அங்கே நிற்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்ல நான் யார், வாடியில் மருமகனுக்குக் கிடைப்பது அரிசிக்கே காணாது, பாதிச் சுவரோடு நிற்கிற வீட்டை நான் கட்டி முடிக்கப்போவதுமில்லை. புதுப் பல் ஏழு வயதில் வருமாம், அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அப்போதும் நீ அங்கேதான் இருப்பாய் என்று தோன்றுகிறது, நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைக் கைவிடாமல் காப்பானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இனிக் கசெட் அனுப்பினால், நான்தான் உன் உம்மா என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசு.

இப்படிக்கு
உன் வாப்பா
முத்தலிப்