பூட்டைக் கட்டிய கம்பி

கார்த்திகை, செவ்வாய் இரவு.

தோழர்களே! என் தம்பி முருகனின் வலக்கால் இன்று நசுங்கியது. மேடையேறி உங்களை அழைத்துப் பழகிய நான், இன்று ஆளில்லா அறையிலிருந்து இந்தக் குறிப்பேட்டில் அழைக்கிறேன், உறக்கம் வரவில்லை.

செம்பரம்பாக்கத்துக் கிடங்கு ஒன்றில் வேலிமுளை அடிக்கும் பொறி அது. வெடிமருந்து வெடித்துச் சம்மட்டியைக் கீழே தள்ளும். அடித்தட்டு தரையில் முழுதாய் அழுந்தினால்தான் வெடிக்கும்படி அதில் ஒரு காப்புப் பூட்டு உண்டு. ஏரிச் சேற்றில் தட்டு சாயும்போதெல்லாம் பூட்டு வேலையை நிறுத்தியது. பூட்டைக் கம்பியால் கட்டச் சொன்னான் மேற்பார்வையாளன், தம்பி கட்டினான். நண்பகலில் ஒரு வெடி வெடிக்கவில்லை. பொறுத்திருக்க விடாமல் பொறியைத் தூக்கச் சொன்னான். தூக்கிய அதிர்வில் வெடித்து, சம்மட்டி தம்பியின் கால்மேல் இறங்கியது. தடுத்திருக்க வேண்டிய பூட்டு கட்டுண்டு கிடந்தது.

மாலையில் அந்த மேற்பார்வையாளனிடம் கேட்டேன். "இன்னா நைனா, இது மேடைன்னு நெனச்சிகினியா? கட்னது உன் தம்பி கை. தோ பாரு, மிஷின்ல கம்பியே இல்ல!" என்று சிரித்தான். அதற்குள் அறுத்துவிட்டிருக்கிறான்.

மருத்துவமனையில் தம்பி முனகினான்: "அண்ணே, நாளைக்குக் காலைல எங்கூட வேல செய்ற சேகரு அந்த மிஷின புடிக்கப் போறான். மறுபடியும் கட்டச் சொல்லுவாரு. அவன் மாட்டேன்னு சொல்ல மாட்டான்."

அந்தச் சிரித்தவனின் காலையே சம்மட்டியின் கீழ் வைக்க நெஞ்சு துடிக்கிறது. மறைக்கமாட்டேன். அவன் சிறைக்கதவின் பின்னால் நிற்பதைக் காணாமல் ஓயவும் மாட்டேன்.

தோழர்களே, விடியலுக்குக் காத்திராதீர்! இப்போதே எழுந்து கிடங்கு வாயிலை மறியுங்கள். சேகரின் கை அந்தப் பொறியைத் தொடவிடாதீர்!