அக்காவின் புடவையோடு மலைக்குப் போன நாள்

என் உயிருக்கு உயிரான சரோஜா அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னல் பக்கம் போகிறேன், அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த வாரம் முழுக்க இப்படித்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மைசூர் கேட்டவருக்கு மதராஸ் லைனைக் கொடுத்துவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் மலைக்குப் போன அந்த ஒரு நாளை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

நீ போன பிறகு நம் வீட்டில் உன்னைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது, அக்கா. உன் இடத்தைப் பற்றித்தான் பேச்சு. காமாலை உன்னைக் கொண்டுபோன ஈரம் காய்வதற்குள் துக்கம் கேட்க வந்தவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "ஏன் வெளியில தேடணும்? வசந்தாதான் இருக்காளே." நம் ஜோகுபாளையத்தில் தண்ணீர்க் குழாயடிவரை இந்தப் பேச்சு போய்விட்டது. நான் குடத்தோடு போனால் பெண்கள் வழிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு விடுகிற மாதிரி.

அம்மா இதை உன் கட்டளை என்றே நம்பினாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என் கையைப் பிடித்து, "குழந்தையப் பாத்துக்கோடி" என்று சொன்னாய். அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அதற்கு அவள் ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். நீ என்ன நினைத்துச் சொன்னாய், அக்கா? அன்றைக்கு உஷாவுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொன்னாயா? இல்லை, ஆயுசு முழுவதையும் சேர்த்துச் சொன்னாயா?

உன் வருஷத் திதி முடியும்வரை அம்மா பொறுத்திருந்தாள். அதற்கப்புறம், "கோபாலசாமி பெட்டத்துல ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு" என்று ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் நீயும் மாமாவும் அந்த மலைக்குப் போய், குழந்தை பிறந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று வேண்டிக்கொண்டீர்களாமே. நீ போனதிலிருந்து நம் வீட்டிலேயே வளர்கிற உஷாவுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்றாள். வேண்டுதல் உன்னுடையது. நான் எப்படி மறுப்பேன்?

மாமா விமானத் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்கிற நண்பரிடம் ஒரு மோரிஸ் கார் கேட்டு வாங்கிவந்தார். கருக்கலில் கிளம்பினோம். அம்மா என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னாள். "எனக்குப் பின்னாடிதான் வசதி" என்று ஏறிக்கொண்டேன். உஷாதான் தன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். ராமநகரத்துப் பாறைகளைப் பார்த்துக் கைதட்டினாள். மத்தூரில் வடை தின்றாள். மாமா ரோட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. நான் ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன். "சும்மா இரேண்டி, தூசி வருது" என்றாள் அம்மா. சும்மா இருக்க முடிந்தால் இருக்க மாட்டேனா?

நஞ்சன்கூடு தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். உஷாவின் கை துடைக்கத் துண்டு எடுப்பதற்காக அம்மாவின் பையைத் திறந்தேன். உள்ளே உன் அரக்குப் புடவை. உன் கல்யாணத்துக்கு எடுத்தோமே, அதே புடவை. அதன்மேல் வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம்.

மாமா குழந்தையைக் கூட்டிக்கொண்டு பம்பு செட்டு பக்கம் போயிருந்தார். "இது எதுக்கும்மா?" என்றேன்.

"மேல போனதும் இதக் கட்டிக்க. சாமி முன்னால மாப்பிள்ளை கையால பூ வாங்கிக்க. மத்தத ஊருக்குப் போயி பாத்துக்கலாம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். வேணாம்னு சொல்லல."

"வேணும்னு சொன்னாரா?"

அம்மா பையை என் கையிலிருந்து வாங்கி முடிச்சுப் போட்டாள். அங்கிருந்தே பஸ் பிடித்து பெங்களூருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அக்கா, உன் புடவையை நான் எத்தனை தடவை கடன் வாங்கிக் கட்டியிருக்கிறேன்! நீதான், "மடிப்பு கசங்காம குடுடி" என்று கத்துவாய். அன்றைக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது.

குண்டுலுப்பேட்டைக்கு அப்பால் காடு ஆரம்பித்தது. பந்திப்பூர் சரணாலயம் என்று சொன்னார்கள். மான்கள் ரோட்டோரத்திலேயே நின்று எங்களைப் பார்த்தன. மலையேறும் பாதையின் அடியில் காட்டிலாகாக் காவலர் ஒருவர் காரை நிறுத்தினார். மேலே யானை நடமாட்டம் இருக்கிறது, தனியாக விடமாட்டேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். உஷா பின்னால் தாவி என் மடிக்கு வந்துவிட்டாள்.

பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். பனி கீழிறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் திரும்பினோம். நடுப்பாதையில் யானை.

பெரிய பெண் யானை. அதன் கால்களுக்கு இடையில் ஒரு குட்டி. காவலர் மாமாவின் கையைப் பிடித்து இன்ஜினை அணைக்கச் செய்தார். "ஹார்ன் ஹொடீபேடி. மாத்தாடபேடி" என்றார் மெதுவாக. ஹார்ன் அடிக்காதீர்கள், பேசாதீர்கள். பின்னால் போகவும் வழியில்லை. மாமா பிரேக்கை மிதித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார். யானை மூங்கிலை ஒடித்து ஒடித்துத் தின்றது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கார் முழுக்க எங்கள் மூச்சுச் சத்தம்தான். உஷா என் காதருகே வந்தாள்.

"சித்தி."

"ஷ்ஷ்."

"பாட்டி சொன்னாங்க, சாமி கும்பிட்டப்புறம் உன்ன அம்மான்னு கூப்பிடணுமாம்."

நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வீட்டுல சொல்லிச் சொல்லிப் பாத்தேன் சித்தி. எனக்கு வரமாட்டேங்குது." அவள் குரல் உடைந்துவிட்டது. "பாட்டி அடிப்பாங்களா?"

அக்கா, நான் தைரியசாலி இல்லை என்பது உனக்குத் தெரியும். கரப்பான்பூச்சியைக் கண்டாலும் உன்னைத்தான் கூப்பிடுவேன். எதிரில் யானை நிற்கிறபோது என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை.

"மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவளால் கத்த முடியவில்லை. "பாவி, வாய மூடுடி" என்றாள், உதடு மட்டும் அசைய.

மாமா திரும்பவில்லை. யானையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் வேணாம் வசந்தா. நீ வீட்டுல உள்ளேயிருந்து பேசினா அவ பேசற மாதிரியே இருக்கு. நான் எழுந்து தெருவுக்குப் போயிடறேன். தினம் அத எப்படித் தாங்கறது?"

"அப்ப ஏன் மாப்பிள்ளை சும்மா இருந்தீங்க?" அம்மாவின் கிசுகிசுப்பு சீறலாக வந்தது.

"பயம் அத்தை. மாட்டேன்னு சொன்னா உஷாவ என்கிட்ட குடுக்க மாட்டீங்களோன்னு பயம்."

"நானா? நீங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டு இவளத் தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு இல்ல நான் பயந்து சாவறேன்!"

காவலர் முகத்தைத் திருப்பி எங்களை முறைத்தார். "சும்னிரி அம்மா!" யானை காதை விரித்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். ஒரு வருஷமாக யாரும் யாரிடமும் சொல்லாததை எல்லாம் ரகசியக் குரலில் சொல்லித் தீர்த்துவிட்டு, அடுத்த வார்த்தை பேச வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. நீ இருந்திருந்தால் உரக்கச் சிரித்து எங்கள் அத்தனை பேரையும் யானையிடம் மாட்டிவிட்டிருப்பாய்.

ஒருவழியாக அது குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியது. மூங்கில் அசைவது அடங்கும்வரை காவலர் கையைத் தூக்கியே வைத்திருந்தார். பிறகு மாமா இன்ஜினைக் கிளப்பினார்.

மலை உச்சியில் பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மாமாவும் உஷாவும் கோயிலுக்குள் போய் உன் வேண்டுதலை முடித்தார்கள். அம்மா வரவில்லை. வெளியே ஒரு கல்லில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவ செத்ததுலேருந்து எனக்கு எதையாவது கெட்டியாப் புடிச்சிக்கணும் போல இருக்குடி" என்றாள். "உன்னப் புடிச்சேன். அந்தக் குழந்தையப் புடிச்சேன். வலிக்குதான்னு கேக்கல."

அக்கா, அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நீ போன அன்றுகூட அவள் வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் புடவை நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் கோபம்தான். ஆனால் அவளை விட்டுவிட்டு நகர முடியவில்லை.

வெளியே வந்த மாமா அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "உஷா உங்க வீட்டுலயே இருக்கட்டும் அத்தை. நான் பக்கத்துத் தெருவுக்கு வந்துடறேன். தினம் சாயங்காலம் வந்து பாக்கறேன். எது மாறினாலும் இது மாறாது." அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பி வரும்போது உஷா தூங்கிவிட்டாள்.

மாமா சொன்னபடியே நடந்துகொண்டார். தினமும் சைக்கிளில் வருகிறார். உஷாவை அல்சூர் ஏரிக்குக் கூட்டிப் போகிறார். உன் பெண் இப்போது கன்னடப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் கலந்து பாடுகிறாள், உன்னைப் போலவே சுருதி சேராமல். குழாயடியில் என்னைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள். "வேலைக்குப் போற திமிரு" என்றார்கள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்று தெரிந்தால் இன்னும் பேசுவார்கள். பேசட்டும். அக்காவின் இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேரிடம் முதலில் கேட்டார்கள்?

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மாமா வாசலிலேயே சைக்கிளைப் பிடித்தபடி நின்று என்னை வெளியே கூப்பிட்டார். அடுகோடியில் தையல் வகுப்பு நடத்துகிற ஒரு பெண். கமலா என்று பெயர். கணவனை இழந்தவள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறாராம். உஷா இங்கேதான் இருப்பாள், அதை அவளிடமும் சொல்லியாகிவிட்டது என்றார். பிறகு சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே, "உங்கக்கா கோச்சுப்பாளா வசந்தா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே வந்துவிட்டேன். என்ன பைத்தியக்காரத்தனம், பார். உன் கோபதாபத்தை நான் யோசித்துச் சொல்ல முடியுமா? அன்றிலிருந்துதான் இந்தத் தவிப்பு. நான் வேண்டாம் என்று சொன்ன இடம்தானே அது? வேறொருத்தி அங்கே வருகிறாள் என்றதும் எனக்கு ஏன் நெஞ்சைப் பிசைகிறது? பொறாமையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. நீ இன்னும் ஒரு தடவை செத்துப்போகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். உனக்குக் கோபம் வருமா, அக்கா? வந்தால் யாரிடம் காட்டுவாய்?

அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு என்ன சாப்பிடுவா? கேட்டுக்கிட்டு வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உஷாவைக் கூட்டிக்கொண்டு நானே அடுகோடிக்குப் போகிறேன். மாமாவும் அங்கே வருகிறார்; அவருக்கு என் பதிலையும் அங்கேயே சொல்லிவிடுவேன்: அக்கா சார்பில் பேச எனக்கு அதிகாரம் இல்லை, என் சார்பில் சந்தோஷமாகச் சம்மதம் என்று. அந்தப் பெண்ணை முகம் சுளிக்காமல் பார்ப்பேன். உன்னைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். நீ கோபக்காரி, காய்கறிக்காரனிடம் தமிழிலும் கன்னடத்திலும் சண்டை போடுகிறவள், சண்டை முடிந்ததும் அவனுக்கே மோர் கொடுக்கிறவள் என்று. உன்னைத் தெய்வமாக்கிச் சுவரில் மாட்டி அவளை மிரட்டமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
என்றென்றும் உன் தங்கையாகவும்
உஷாவுக்குச் சித்தியாகவும் மட்டுமே இருக்கிற
வசந்தா