புதுக் கூரையும் உன் ரோஜாத் தொட்டிகளும்

என் அன்பான தங்கம் அக்காவுக்கு,

நீ கண்மூடியபின் வருகிற முதல் ஐப்பசி மழை இது. சொல்ல வந்ததில் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், வகுப்பில் செய்ததுபோல முதலில் குறிப்புகளை வரிசையாக எழுதிவைக்கிறேன். வேறு யாராவது வாசித்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

1. நம் வீட்டுக்குப் புதுக் கூரை வார்த்தது.
2. அதை நனைத்தது.
3. காயவிட்டுப் பூச்சு பூசியது.
4. உன் ரோஜாத் தொட்டிகளை இனி மாடியில் வைக்கக் கூடாது என்பது.

நாலாவதைக் கேட்டதும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உன் மகள் கிரேஸி சித்திரையிலேயே சொல்லிவிட்டாள். “மாமா, பழசை இடிச்சிட்டுப் புதுசா வார்ப்போம். அதுவும் ஒழுகிச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு நாகர்கோவிலுக்குப் போயிருவேன். நீங்களும் கூட வரணும், சொல்லிட்டேன்.” அவளைக் குறை சொல்ல முடியுமா? அடுப்புக்குப் பக்கத்தில் சருவச்சட்டியை வைத்து, ஒழுகும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே நீ சமைத்ததைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கோ இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. போகமாட்டேன் என்று சொல்லத் தைரியமும் இல்லை. கூரைதான் எனக்காகப் பேச வேண்டும் என்று ஆகிவிட்டது.

பழைய கூரையை உடைத்தபோது கம்பிகள் துருவேறி, தோல் தோலாக உரிந்து வந்தன. கடற்கரையில் வீடு, மணலுக்கா பஞ்சம் என்று அப்பா நினைத்திருப்பார். உப்பு போகக் கழுவாத மணல். இந்த ஊரில் எத்தனை வீடுகளில் அதே மணலோ.

வார்ப்பு நாளன்று காலையிலேயே மாடிக்கு ஏறிவிட்டேன். அளந்து ஊற்றிய தண்ணீர் போதாதென்று வேலையாள் ஒருவர் இன்னொரு வாளியைக் கலவை இயந்திரத்துக்குத் தூக்கினார். தண்ணீர் கூடினால் கலவை சுலபமாக ஓடும். ஆனால் அந்த உபரித் தண்ணீர் ஆவியாகிப் போனபின், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். இது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் இப்படித் தெரிந்ததை உன் காதில் முணுமுணுப்பேன். நீ ஊருக்கே கேட்கும்படி சொல்வாய்.

“தண்ணி போதும்” என்றேன். யார் காதிலும் விழவில்லை. வேறு வழி தெரியாமல் வாளியின்மேல் கையை வைத்துவிட்டேன்.

“கையை எடுங்க சாரே,” என்றார் காண்ட்ராக்டர் செல்வின். “அவல் நனைச்சு வச்ச மாதிரி கெடக்கு. இது கம்பிக்கிடையில எப்பிடி எறங்கும்?”

“குத்தி எறக்குங்க. அதுக்குத்தானே வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்திருக்கு?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க தங்கம் டீச்சருக்க தம்பின்னு இப்பந்தான் நம்புகேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். வாளி கீழே இறங்கியது. நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா.

வேலை முடிந்து எல்லோரும் வார்ப்புச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கிரேஸி பிரியாணி சொல்லியிருந்தாள். நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. கடற்காற்று ஈரக்காற்று என்று நாம் நம்புகிறோம். புதுக் கான்கிரீட்டின் மேல்பரப்பின் ஈரத்தை உறிஞ்சி வெடிக்கவைப்பதும் அதே காற்றுதான். தார்ப்பாயை விரித்து ஓரங்களில் கல் வைத்தேன்.

“மாமா, அது எங்கேயும் ஓடிராது. வந்து சாப்பிடுங்க!” என்று கீழேயிருந்து கிரேஸி கத்தினாள். அப்படியே உன் குரல்.

இரண்டாவது, நனைப்பு. கலவையால் சிறு வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினேன். ஆனிச் சாரல் தொடங்கிவிட்டிருந்தது. இங்கே எல்லோரும் செய்கிற தவறு, சாரலைக் கண்டதும் ஹோஸைச் சுருட்டி வைத்துவிடுவது. சாரல் பெய்து பாத்தி நிரம்பாது. இரண்டு தூறலுக்கு நடுவே அடிக்கிற காற்றில் தளம் உலர்ந்துபோகும். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை அக்கா, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது.

ஒருநாள் செல்வின் தெருவில் பைக்கை நிறுத்தினார். “ஓய் சாரே! ஒரு கையில குடை, ஒரு கையில ஹோஸ். மழைக்கு உதவி செய்யுதியளா?”

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஹோஸைக் கீழே போடவில்லை.

மூன்றாவதற்கு வந்தால், செல்வின் நீர்புகாப் பூச்சு டப்பாவோடு வந்து நிற்கிறார். நான் காயட்டும் என்கிறேன். “நனைக்கச் சொன்னதும் நீங்க, காயச் சொல்லுகதும் நீங்க” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பாலித்தீன் தாளைத் தளத்தில் ஒட்டிவைத்து மறுநாள் உரித்துக் காட்டினேன். அடியில் முத்து முத்தாக நீர். உள்ளே ஈரமிருக்கப் பூசினால் பூச்சு கொப்பளித்து உரிந்துவிடும். தாளுக்கு அடியில் ஒரு துளிகூட இல்லாத நாளில்தான் டப்பாவைத் திறக்கவிட்டேன்.

நேற்று மழை கொட்டித் தீர்த்தது. கிரேஸி பழக்கத்தில் சருவச்சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மழை விட்டதும் இருவரும் போய் எட்டிப் பார்த்தோம். காய்ந்து கிடந்தது. அவள் சட்டியைக் கழுவி மீன்குழம்புக்குப் புளி கரைத்தாள். நாகர்கோவில் பேச்சு அதோடு முடிந்தது.

இனி நாலாவது. இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி நிமிர்ந்தால், கொல்லையில் இறக்கி வைத்திருந்த ரோஜாத் தொட்டியில் ஒன்றை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிரேஸி படியேறுகிறாள்.

“மக்கா, அது வேண்டாம். அந்தத் தண்ணிதான் கூரையைக் கெடுத்தது. உங்கம்மைகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!”

“தொட்டி இருந்தது எங்கே மாமா?”

“முன்னறைக்கு மேலே.”

“ஒழுகினது?”

“சமையலறையில. தண்ணி உள்ளுக்குள்ளே ஓடிவரும்.”

“சரிவு எந்தப் பக்கம் வச்சிருக்கு?”

“சமையலறைப் பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு. பழைய கூரையும் அப்படித்தான்.”

“அப்ப அம்மைக்க ரோஜாத் தண்ணி மட்டும் மேட்டுல ஏறி வந்துச்சோ? கணக்கு வாத்தியார்தானே நீங்க?”

சரிவை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. எத்தனை வருடம் உன்னோடு இதற்காகச் சண்டை போட்டேன் அக்கா! நீ ஏன் ஒருமுறையாவது இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை? தெரிந்துதான் விட்டுவிட்டாயா?

மற்றத் தொட்டிகளை நானும் சேர்ந்து ஏற்றினேன். பூச்சில் கீறல் விழாமல் அடியில் ரப்பர் துண்டு வைத்திருக்கிறேன். இனி வெயில் வந்தால் தினமும் நான்தான் ஹோஸ் பிடிப்பேன். மழை தூறினாலும் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். உன் செடிகள் வாடாது. இது என் வாக்கு.

மேலே எழுதிய நாலாவது குறிப்பை அடிக்கவில்லை. நீயே பார் என்று விட்டுவைத்திருக்கிறேன். அது தவறு.

மாடியில் குடையோடு நிற்கும்
உன் தம்பி,
ஞானதாஸ்