விற்பனை மேனேஜர் வேலைக்கு வந்த விண்ணப்பம்

ஹர்ஷிணி அப்பாவுக்கு,

மோட்டார் பம்ப் விக்கற மேனேஜர் வேலைக்கு நீங்க போட்ட விண்ணப்பம் எங்க கருமத்தம்பட்டி ஆபீசுக்கு வந்துச்சு. இங்க ஆளெடுக்கறது நான்தான்னு தெரியாமப் போட்டிருப்பீங்க. தெரிஞ்சே போட்டிருந்தா, அந்தத் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

"பொள்ளாச்சி ஏரியாவை நானே உருவாக்கினேன்"னு எழுதியிருக்கீங்க. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அங்க கடை கடையா வெயில்ல ஏறி இறங்கினது யாருங்க?

பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும், திரும்ப வேலை கேட்டு உங்க கம்பெனிக்கே இன்டர்வியூக்கு வந்தேன். கேள்வி கேக்கற இடத்துல நீங்க. முன்னப்பின்ன பாக்காத மாதிரி, "ஏனுங்க மேடம், ஊர் ஊராச் சுத்தறதுக்கு ஊட்டுக்காரர் சம்மதிப்பாருங்களா?"ன்னு கேட்டீங்க. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க.

"அதை அவருகிட்டயே கேட்டுக்குங்க"ன்னு எந்திரிச்சு வந்தேன். அன்னைக்கே பாப்பாவோட கணபதியில இருக்கற எங்கப்பா ஊட்டுக்கு வந்துபோட்டேன்.

இப்ப உங்களை இன்டர்வியூக்குக் கூப்பிடப் போறதில்லைங்க. பழிவாங்கறேன்னு நினைச்சுக்காதீங்க. பொள்ளாச்சியில விசாரிச்சேன். "அவரு காரை விட்டே இறங்க மாட்டாருங்க அம்மணி"ன்னு ஒரு கடைக்காரர் சொல்றாரு. அந்த வேலையை வெங்கடலட்சுமிங்கற பொண்ணுக்குக் குடுத்தாச்சு. ஊட்டுக்காரரைப் பத்தி நான் எதுவும் கேக்கலை.

உங்களுக்கு வேலை போனது பாப்பாவுக்குத் தெரியாது. அப்பா டூர்ல இருக்காருன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவளைப் பாக்க வர்றப்ப, அந்த டூர் பையைத் தூக்கிக்கிட்டே வாங்க.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா