அணைக்காமல் விட்ட திரை

12-7-93, இராஜபாளையம்
மில் கம்ப்யூட்டருக்கான யூனிக்ஸ் புத்தகத்தைப் புரட்டியபோது pushd என்று ஒரு கட்டளை கண்ணில் பட்டது. கோப்புகளை வைக்கும் ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, இருந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறது. popd அடித்தால் பழைய இடம். கடைசியாக வைத்தது முதலில் வரும், தட்டு அடுக்குவது போல. பக்கத்து சீட் சமுத்திரம் அண்ணனிடம் காட்டினேன். சோம்பேறி வேலையாம். மத்தியானத்துக்குள் அவரும் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்!

2-8-93
ஏழாம் மாதம். தலைப்பிரசவம், அம்மா கூப்பிடுகிறாள். மேனேஜர் காசிராஜன் சாரிடம் லீவு கேட்டேன்.
"போயிட்டு வாம்மா. பொறவு எடம் இருந்தாப் பாப்போம்."
இருந்தால்! நூல் இருப்பு புரோகிராம் முழுக்க நான் எழுதியது. அழுதேன். வயிற்றுப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும், பாவம்.

14-8-93
நூல் சுற்றும் ரீலிங் பிரிவுப் பெண்கள் கண்ணாடி வளையலோடு வந்துவிட்டார்கள். நான் வேதக்காரி, எங்களுக்குள் வளைகாப்பு இல்லையே என்றேன். "எந்தச் சாமியா இருந்தா என்னட்டி, கைய நீட்டு" என்றாள் அழகுத்தாய். கை நிறைய வளையலோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.

15-8-93, ஸ்ரீவில்லிபுத்தூர்
ஐயோ, லாக் ஆஃப் பண்ணாமல் வந்துவிட்டேன்! நூல் இருப்பு டைரக்டரியிலிருந்து கழிவுப் பஞ்சு, அங்கிருந்து கோன் கணக்கு - மூன்றும் அடுக்கில் அப்படியே கிடக்கும். யாராவது அணைத்தால் அடுக்கு போய்விடும். என் சீட்டும் அப்படித்தானோ?

26-10-93
பெண். என் கட்டைவிரலைப் பிடித்தவள் விடமாட்டேன் என்கிறாள்.

18-12-93
வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் வருவார், இன்று சனிக்கிழமையே வந்துவிட்டார். மில்லில் புது ஆள் எடுக்கப் பேச்சாம். அதைச் சொல்லத்தான். எனக்குப் பாப்பாவைக் கொஞ்சக்கூட மனசு வரவில்லை.

24-1-94, இராஜபாளையம்
பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு மில்லுக்குப் போனேன். என் திரைமேல் ஓர் அட்டை: 'இன்பம் சீட். அணைக்க வேண்டாம்.' சமுத்திரம் அண்ணன் எழுத்து. மேனேஜர் இரண்டு தடவை புது ஆளைக் கூட்டிவந்தாராம். இரண்டு தடவையும் அண்ணன் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்: "அது இன்பம் பாதில விட்ட வேலை சார். கை வச்சா அம்புட்டும் கலைஞ்சிரும்."
நவம்பரில் கம்ப்யூட்டரே ஒரு நாள் நின்றுபோனதாம். அதற்கு முன்பே என் அடுக்கை ஒரு தாளில் எழுதி வைத்திருந்து, பிறகு என் பெயரிலேயே திரும்ப ஏற்றியிருக்கிறார்.
நான் விட்டுப்போனது கோனில். எங்கே நிற்கிறேன் என்று pwd அடித்துப் பார்த்தேன். நூல் இருப்பு! தாளில் மேலே இருந்த கோனில் தொடங்கிக் கீழ்வரை வாசித்து வாசித்து ஏற்றியிருக்கிறார், அடுக்கு தலைகீழ். கடைசியில் போய்ச் சேரவேண்டிய இடத்தில் முதலிலேயே நிற்கிறேன்.
அண்ணனிடம் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே வேலையைத் தொடங்கினேன்.