நிலாவைச் சுற்றிய செபமாலை

சூரியநெல்லி
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

இயேசுவுக்கே புகழ்.

என் அன்பு மகள் ரிஞ்சுவுக்கு அப்பா அமிர்தநாதன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ராஞ்சியில் நீயும், உன்னோடு நவதுறவில் இருக்கும் பிள்ளைகளும், மடத்துத் தாயாரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். டிசம்பரில் நீ வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டர் ஆகிவிட்டால் உன்னை ‘நீங்கள்’ என்றுதான் எழுத வேண்டுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்பாமாருக்கு அந்தச் சட்டம் கிடையாது என்றார். அதனால் தைரியமாக ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. கலெக்டர் ஆரஞ்சு அலர்ட் போட்டு ஜீப் சவாரியை நிறுத்திவைத்திருக்கிறார். கொழுக்குமலைக்கு வண்டி ஏறி ரொம்ப நாளாயிற்று. ஜீப் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. அம்மா மட்டும் பிளாஸ்டிக் ஷீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து கிள்ளப் போய் வருகிறாள். போன வாரம் எஸ்டேட் கீழ் டிவிஷனில் யானை இறங்கி வாழையைத் தின்றது. போகிற போக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஒரு காலை விட்டுப் பார்த்திருக்கிறது. தொட்டி போயிற்று.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல் நான் சத்தமாகப் படித்தேன். அம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் படிக்க ஆரம்பித்ததும் குழாயை மூடிவிட்டாள். படித்து முடித்த பிறகுதான் திறந்தாள். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இதை மடத்துத் தாயார் படித்தாலும் பரவாயில்லை, பாவமான காரியம் ஒன்றுமில்லை. உன் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டேன். மழைக்காலத்தில் மூடியே வைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், அப்பப்ப ஓட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஜோமோன் சொன்னான். ஜீப்பையும் நாம் அப்படித்தானே ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோம். சும்மா ஓட்டி வைப்பானேன் என்று, நீ ஆடிக்கொண்டிருந்த அந்த ராக்கெட் விளையாட்டைத் திறந்தேன். காலேஜ் லீவில் நீ அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, ‘பொம்பளப் பிள்ளைக்கு வாணம் விடுறதுதான் படிப்பா’ என்று அம்மா ஏசுவாளே, அதேதான். நீ கட்டி வைத்த ராக்கெட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் ஒன்றையும் தொடவில்லை. எனக்கென்று புதிதாக ஆரம்பித்தேன்.

எண்ணெய் டாங்கி, இன்ஜின், உட்காருகிற கூண்டு, பாராசூட் எல்லாம் ஒரு பக்கம் வரிசையாக இருக்கிறது. எடுத்து மாட்ட வேண்டியதுதான். இருபது வருஷம் ஜீப்பைப் பிரித்து மாட்டியவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முதல் ராக்கெட்டில் இன்ஜின் எரிகிற அதே நேரத்தில் பாராசூட்டும் விரிந்துவிட்டது. இரண்டாவது மேலே போகாமல் பக்கவாட்டில் போய்க் கடலில் விழுந்தது. அடுத்தது நடு வானத்தில் தலைகீழாகப் புரண்டு வந்த வழியே திரும்பிப் பாய்ந்தது. பின்பக்கம் இறக்கை வைக்க வேண்டுமாம். அம்பின் வாலில் இறகு கட்டுவது மாதிரி. அது தெரிவதற்குள் எத்தனை வெடித்தது என்று கேட்காதே.

அதில் ஓட்டுகிற ஆளுக்கு நாமே பேர் வைக்கலாம். நான் ரிஞ்சு என்று வைத்திருந்தேன். ஒரு நாள் அம்மா பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்தவள், பேரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ராக்கெட் வெடித்தது. “பிள்ள பேர வச்சு வெடிக்க விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீகளே, உங்களுக்குப் புத்தி இருக்கா? மாத்துங்க மொதல்ல!” என்று ஒரே சத்தம். என்ன பேர் வைக்க என்று கேட்டேன். “ஏம் பேர வைங்க. நான் வெடிச்சா வெடிச்சுட்டுப் போறேன்” என்றாள். அன்றிலிருந்து ராக்கெட் ஓட்டுவது செபமாலை. கூண்டுக்குள் இருக்கும் முகம் திரையின் ஓரத்தில் எப்போதும் தெரியும். அது சிரித்த முகம். “ஏம் பேர வச்சவ என்னமா சிரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சாயா டம்ளரை வைத்துவிட்டுப் போகிறவள் கொஞ்சம் நிற்க ஆரம்பித்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்குத் தோன்றாத கேள்வியெல்லாம் அவளுக்குத் தோன்றுகிறது. வானத்துக்குப் போகிறது நேராக மேலே போகாமல் ஏன் சாய்கிறது என்று கேட்டாள். எனக்கும் அது முதலில் புரியவில்லை. நேராக மேலே விட்டால் எவ்வளவு உயரம் போனாலும் எண்ணெய் தீர்ந்ததும் கீழே வந்துவிடுகிறது. பக்கவாட்டில் வேகம் பிடித்தால்தான் பூமியைச் சுற்றும். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கல்லை எறிந்து காட்டினேன். மெதுவாக எறிந்தால் பக்கத்தில் விழுகிறது, வேகமாக எறிந்தால் தள்ளி விழுகிறது. பூமி உருண்டைதானே, இன்னும் இன்னும் வேகமாக எறிந்தால் விழுவதற்குத் தரை கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றேன்.

அவள் ஒரு கல்லை எடுத்துத் தானும் எறிந்து பார்த்தாள். “அப்ப அது பறக்கல. விழுந்துக்கிட்டேதான் இருக்கு?” என்றாள். ஆமாம் என்றேன். “விழுறது அவளுக்குத் தெரியுமா?” என்று அடுத்த கேள்வி. விழுகிற எல்லாமே சேர்ந்து விழுவதால் உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது, மிதப்பது போல் இருக்கும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். மறுநாள் கொழுந்துக்காட்டில் இதைப் போய்ச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளோடு அதே நிரையில் கொழுந்து கிள்ளும் பெண்கள் என்னை வழியில் பார்த்தால், ‘அண்ணே, ராக்கெட்டு எங்க நிக்குது’ என்று கேட்கிறார்கள். ஜோமோன் மட்டும், “அமிர்தேட்டா, உங்க ரெண்டு பேருக்கும் பிராந்து” என்று எங்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டித் தலையில் கை வைத்துக்கொள்கிறான். ஆனால் சாயா நேரம் தவறாமல் வந்து உட்கார்ந்து பார்க்கிறான்.

ரிஞ்சு, நிலாவில் இறங்கிவிட்டோம். இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, நிஜமாகவே போய் வந்தது மாதிரி எழுதுகிறேன். செபமாலை ஏணியில் இறங்கி நின்றாள். சாம்பல் நிறத்தில் தரை, கறுப்பு வானம், அதில் நம் பூமி ஒரு நீல உருண்டை. அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். மேலே கிளம்பி நிலாவைச் சுற்றுகிற பாதைக்கும் வந்துவிட்டோம். அங்கேதான் எண்ணெய் தீர்ந்தது. இறங்கும்போது நான் பயந்து பயந்து இன்ஜினை எரித்துவிட்டிருக்கிறேன். வீட்டுக்குத் திரும்ப ஒரு சொட்டு இல்லை. செபமாலை சிரித்த முகத்தோடு நிலாவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கவலை இல்லை, இந்த விளையாட்டில் நடந்ததை அழித்துவிட்டு முன்னால் இருந்த இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாம் என்றேன். அம்மா என் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். “நடந்தத அழிக்கவா? அவ போனது போனதுதான். கூப்பிடணும்னா நீங்க போய்க் கூப்பிடுங்க” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிற முகமாக அது இல்லை.

அதனால் இன்னொரு ராக்கெட் கட்டினேன். ஓட்டுகிறவன் பேர் அமிர்தம். போய்ச் சேர்வதைவிடக் கிட்டப் போவதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் நிலாவைச் சுற்றுகிறேன், அவளும் சுற்றுகிறாள், எனக்கு முன்னால் போகிறாள். நான் டிரைவர் அல்லவா, முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க ஆக்சிலேட்டரை மிதித்தேன். வேகம் கூட்டக் கூட்ட என் பாதை பெரிதாகி, நான் பின்தங்கிப் போனேன். இது என்ன மாயம் என்று நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிரேக் போட வேண்டுமாம் மகளே! பிரேக் போட்டால் கீழே இறங்கும். கீழே இருக்கும் பாதை சின்னது, அதில் ஓட்டமும் அதிகம். தானாக முன்னால் போய்ப் பிடித்துவிடும். கொழுக்குமலையில் எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் இப்படி ஒரு சட்டம் இல்லை. உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு ஆச்சரியம்.

கடைசியில் பக்கத்தில் போய் நிறுத்திவிட்டேன். ஜோமோன் கைதட்டினான். அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏங்க, இவ வந்து எங்க உக்காருவா?” என்று கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன். கூண்டில் ஒரே ஒரு சீட்டு, அதில் அமிர்தம் உட்கார்ந்திருக்கிறான். “வாழ்நாளெல்லாம் சீட்டுக் கணக்குப் பாத்து ஆள் ஏத்துற மனுசன், ஆளக் கூப்பிடப் போகும்போது எடமில்லாத வண்டியிலயா போவாரு?” என்று சொல்லி அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். நீ போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். அமிர்தம் தனியாகத் திரும்பி வந்தான். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் போனோம். இந்தத் தடவை இரண்டு சீட்டு. பக்கத்தில் போய் நின்றதும் செபமாலை தன் கூண்டைவிட்டு வெளியே வந்து, முதுகில் இருக்கும் சின்னப் புகைக்குழாய்களை ஊதி ஊதி இந்தப் பக்கம் மிதந்து வர வேண்டும். நான் பொத்தானில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். ஒரு தட்டுக் கூடினால் அவள் எங்கோ போய்விடுவாள். “தள்ளுங்க. ஏம் பேருல இருக்கவ, நானே வாரேன்” என்று அம்மா உட்கார்ந்தாள். எந்தப் பொத்தானுக்கு எந்தப் பக்கம் என்று நான் சொன்னேன். முதலில் அவளும் தப்பவிட்டாள். என் ராக்கெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள். திரும்பினாள், மறுபடியும் தாண்டினாள். அம்மா ‘மாதாவே’ என்றாள். மூன்றாம் தடவை வேகமே இல்லாமல், எறும்பு ஊர்கிற மாதிரி வந்து ஏணியைத் தொட்டாள். பிடித்துக்கொண்டாள். ஏறி உள்ளே போய்விட்டாள். திரையின் ஓரத்தில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது.

கடலில் பாராசூட் இறங்குகிற வரைக்கும் நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கிய பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. “ஏங்க, டிசம்பர் மாசம் அங்க ரொம்பக் குளிருமோ?” என்றாள்.

நிலாவுக்கு ஏது டிசம்பர் என்று நான் ஆரம்பித்தேன். வெயில் பட்டால் கொதிக்கும், நிழலில் உறைந்துபோகும், அங்கே காற்றே கிடையாது என்று விளக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“நான் நிலாவக் கேக்கல” என்று சொல்லிவிட்டு, உலை வைக்க எழுந்து போனாள்.

ரிஞ்சு, அவள் கேட்டது உன் ராஞ்சியை. பிறகு அடுப்படிக்குப் போய், ராஞ்சியில் நம் மூணாறு அளவுக்குக் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டால் போதும் என்றேன். “எனக்கில்ல. அவகிட்ட நல்லதா ஒண்ணு இருக்கா?” என்றாள். அவள் கேட்டபடியே எழுதுகிறேன், நீ பதில் எழுது. என் பேருக்கு எழுதாதே. உன் அம்மா பேருக்கு எழுது. இந்த முறை நான் படித்துக் காட்ட மாட்டேன். எழுத்துக் கூட்டி அவளே படிக்கட்டும்.

எர்ணாகுளத்திலிருந்து இரண்டு பேருக்கும் டிக்கெட் போட ஜோமோனிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் வீட்டில் கோழியை விட்டுவிட்டுப் போவது என்று மட்டும் கேட்டாள்.

கடைசியாக ஒன்று. நீ பஸ் ஏறிய அன்று உன் நெற்றியில் நான் மட்டும்தான் சிலுவை அடையாளம் போட்டேன். அம்மா கையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். அந்தக் கை அன்றிலிருந்து என்ன பாடுபடுகிறது என்று பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியும். வார்த்தைப்பாடு முடிந்து கோவிலைவிட்டு வெளியே வரும்போது உன்னைச் சுற்றி நிறையப் பேர் நிற்பார்கள், ஆயர்கூட இருப்பார். யாரிடமும் போகாமல் முதலில் அம்மாவிடம் போ. அவள் பேசாமல் நின்றால் நீயும் ஒன்றும் பேச வேண்டாம். அவளைவிட நீ உயரம். அவள் கைக்கு எட்டும்படி கொஞ்சம் குனிந்து நில். அது போதும்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. மாதா உன் கூடவே இருப்பாளாக.

உன் அன்புள்ள அப்பா,
சூ. அமிர்தநாதன்