ஒன்பதரை விரல்

அன்பு மகன் இசக்கிமுருகனுக்கு விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அப்பா எழுதுவது. நான் சர்க்கரை மாத்திரையோடு நலம். உன் மகள் நித்யா ஒன்பதரை விரலோடு நலம். மஸ்கட்டில் நீ பத்து விரலோடும் நலமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் லீவு முடிந்து வருகிற உன் கூட்டாளி எட்வினிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

நீயும் பிரியதர்ஷினியும் பிரிந்தபோது கோர்ட் சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். பிள்ளையின் செலவுக்கு மாதம் ஆறாயிரம், அதுபோக அவள் மில் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராணி டீச்சரின் கூலியில் பாதி. ஆறாயிரத்தை அனுப்பினாய், பாதிக் கூலியை ஏழு மாதமாக அனுப்பவில்லை. வசூலித்துத் தரச் சொல்லி அவள் மனுப் போட்டாள். அப்பா, பாப்பாவ நாமதான் பாத்துக்கிடுதோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, பைசா மிச்சம் என்றாய். நானும் வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போய், கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து அப்படியே சொன்னேன். சங்கிலிபூதத்தான் என்று சாமி பேரை வைத்திருக்கிறவன், கோயிலில் என்றால் வாய் எழுந்திருக்காது, கோர்ட்தானே என்று நினைத்துவிட்டேன். அன்று அவள் வக்கீல் வரவில்லை. தாத்தா பார்க்கும்போது கூலி எதற்கு என்று மனுவை நிறுத்திவைத்தார்கள். வெளியே வந்து நீ அனுப்பிய காசில் இரண்டு வடை தின்றேன். மூன்றாவதும் கேட்டேன்.

பாக்கி தாங்காது, இனி பிள்ளையைக் கொண்டுவராதே என்று டீச்சர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் பிரியதர்ஷினிக்கு வீட்டு வாடகை கிடையாது. விடியற்காலை ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். எட்டு நாள் அப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் அம்மாவைப் பிடிக்கப் பிள்ளை கையை நீட்டியிருக்கிறது, இவள் பஸ் போய்விடும் என்று கதவை இழுத்துப் பூட்டிவிட்டாள். கத்தினது கேட்டிருக்கிறது. தினமும் கத்துவதுதானே என்று போய்விட்டாள். பக்கத்து வீட்டு இன்பமணி கதவிடுக்கில் ரத்தத்தைப் பார்த்துப் பூட்டை உடைத்தபோது மணி எட்டு. வலது கை நடுவிரலின் நுனியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

இதைப் போனில் சொன்னபோது நீ முதலில் கேட்டது பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று இல்லை. இத வச்சு அவ மேல கேஸ் போடலாமாப்பா என்று கேட்டாய். உன்னை வளர்த்தவன் நான்தான், யாரைக் குறை சொல்ல. உன் அம்மா இருந்திருந்தால் பாதிக் குற்றத்தை அவள் தலையில் போட்டிருப்பேன். மறுநாள் பிரியதர்ஷினி, கையில் கட்டுப் போட்டிருந்த பிள்ளையை என் வாசலில் இறக்கிவிட்டு, கோர்ட்ல பாக்குதேன்னு சொன்னியள்லா மாமா, பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அழக்கூட இல்லை. அன்றிலிருந்து அவள் ஷிப்டு முடிந்து வரும்வரை நான்தான் பார்க்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் மில்லில் அறுந்த நூலை ஓடி ஓடி முடிச்சுப் போட்டவனுக்கு ஒரு சடை பின்ன வரவில்லை. பிள்ளை என்னை வாட்ச்மேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்தினால் இரண்டு கையையும் கக்கத்தில் ஒளித்துக்கொள்கிறது, அதனால் சாத்துவதே இல்லை, தெரு நாய் உள்ளே வந்து என் இட்லியைத் தின்றுவிட்டுப் போகிறது.

வருகிற பதினெட்டாம் தேதி வாய்தா. பொய்ச் சத்தியம் செய்தேன் என்று சொல்லப்போகிறேன். அண்ணாச்சி, உள்ள போட்டாலும் போட்டுருவாங்க என்கிறார் நம் வக்கீல். போடட்டும், அங்கே இட்லிக்கு நாய் வராது. பாபநாசம் ரோட்டில் உன் பேரில் உள்ள ஏழு சென்ட்டின் பத்திரம் என் பெட்டியில்தானே இருந்தது, அதை நகல் எடுத்து அவள் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். ஜப்தி செய்ய கோர்ட் அமீனா வந்தால் இடத்தைக் காட்டப்போவதும் நான்தான், எல்லைக்கல் நட்டவனுக்குத்தானே தெரியும்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வருஷம் நன்றாக இரு, அதில் ஒரு நாளாவது உன் மகளை வந்து பார். பதினெட்டுக்குள் பாக்கியைக் கட்டு, மறக்காதே. கட்டினாலும் நான் சொல்வதைச் சொல்லத்தான் செய்வேன். கீழே பாப்பாவின் வலது கையை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்திருக்கிறேன். நடுவிரல் குட்டையாக இருப்பது என் கை நடுங்கியதால் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சங்கிலிபூதத்தான்